மதியச் சோற்றில் வல்லாரை

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் ஜயதிஸ்ஸ வீட்டில் கெட்டுக் கிடந்த சாமான்களையெல்லாம் திருத்திவிட்டார். இரண்டாவது மாதத்தில் கெடாத சாமான்களையும் திருத்தத் தொடங்கினார். சத்தமே போடாமல் சுற்றிக்கொண்டிருந்த கிணற்றுக் கப்பி அழ ஆரம்பித்தது அப்போதுதான். கேகாலை டிப்போவில் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். எழுபது பேரை அடைத்துக்கொண்டு கடுகண்ணாவ ஏற்றத்தில் வளைத்து வளைத்து ஏறிய கைகளுக்கு இப்போது ரிமோட்டை விட்டால் பிடிக்க வேறொன்றும் இல்லை. தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடும். பந்து போடுகிறவனுக்கும் நடுவருக்கும் அவர் நாற்காலியில் இருந்தபடியே உரத்த குரலில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பார்.

மனைவி மல்காந்திக்கு டவுன் தபால் கந்தோரில் வேலை. காலை ஏழு மணி பஸ்ஸில் போனால் ஐந்து மணிக்குத் திரும்புவாள். ஒரே மகள் கல்யாணமாகி அனுராதபுரத்தில் இருந்தாள். வீட்டில் இருவர்தான் என்றாலும் ஜயதிஸ்ஸ இருக்கிற வீட்டை யாரும் வெறிச்சோடிய வீடு என்று சொல்லிவிட முடியாது.

ஒரு நாள் சீனி டின்னைத் தூக்கியபோது அதற்கு அடியில் மடித்து வைத்திருந்த கடிதம் ஒன்று அகப்பட்டது. பதவி உயர்வுப் பரீட்சையில் மல்காந்தி இரண்டாவது தடவையும் தவறியிருந்தாள். நான்கு புள்ளிகள் போதவில்லை.

"இத எதுக்கு சீனி டின்னுக்கு அடியில வச்ச?" என்று மாலை அவள் வந்ததும் கேட்டார்.

"சீனியத் தொடக்கூடாதுன்னு டாக்டர் உங்களுக்குச் சொல்லியிருக்காரே. அங்க கை வைக்க மாட்டீங்கன்னு நம்பி வச்சேன்."

ஜயதிஸ்ஸ அந்தப் பேச்சை அதற்கு மேல் வளர்க்கவில்லை. "எதுல போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"விதிக்கோவையிலதான். பார்சலுக்கு ஒரு விதி, பதிவுத் தபாலுக்கு ஒரு விதி, ஆள் செத்துப்போன வீட்டுக்கு வர்ற கடிதத்துக்கு ஒரு விதி. இன்னிக்குப் படிச்சா நாளைக்கு மண்டையில நிக்க மாட்டேங்குது. இன்னும் ஒரு தடவதான் எழுத விடுவாங்க. விடுங்க, வயசாச்சு." மல்காந்தி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். எப்போதும் பாடிக்கொண்டே உடை மாற்றுகிறவள், அன்று பாடவில்லை.

மண்டையில் நிற்கவில்லை என்றால் நிற்க வைக்க வேண்டியதுதானே என்று ஜயதிஸ்ஸவுக்குப் பட்டது. வல்லாரை என்று ஒன்று இந்த மண்ணில் வேறு எதற்கு முளைக்கிறது? சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறதே, அகலமான இலை, அதை அவர் நினைக்கவில்லை. அது தண்ணீர் குடித்துக் கொழுத்தது. வயல் வரப்போரம் தரையோடு தரையாகப் படர்கிற, காசளவு இலையுள்ள சிறு வல்லாரைதான் அவர் மனதில் இருந்தது. கசப்பும் காரமும் அதில்தான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் ஊரில் பிள்ளை பெற்றவர்களெல்லாம் குனிந்த முதுகோடு வரப்பில் தேடி அலைவது அதைத்தான்.

மறுநாள் காலையிலேயே பக்கத்து வளவு டிங்கிரி மெனிக்கேயிடம் போனார். அறுபது தாண்டிய மனுஷி, தனியாக அரை ஏக்கர் வயலும் பதினாறு கோழிகளும் வைத்துக் காலந்தள்ளுகிறவள். வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது.

"உங்க வரப்புல இருந்து கொஞ்சம் வல்லாரைக் கொடி வேணும், அக்கா. வீட்ல நடப்போறேன்."

டிங்கிரி மெனிக்கே மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து பார்த்தாள். "முப்பது வருஷமா ரோட்டோர மரத்தையெல்லாம் பஸ்ஸால இடிச்ச ஆளு, இப்ப செடி நடப்போறீங்களாக்கும்."

"ஒரே ஒரு மரம், அக்கா. அதுவும் அதுதான் ரோட்டுக்குள்ள வந்து நின்னுச்சு."

"ம். அது பாவம், ஹோர்ன் சத்தம் கேக்காம நின்னிருக்கும்." சொல்லிக்கொண்டே அவள் சேற்றில் இறங்கி, வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்து, ஒரு தாமரை இலையில் பொதிந்து கொடுத்தாள்.

வல்லாரைக்கு ஈரம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வளவில் ஈரம் வற்றாத இடம் கிணற்றடி. அங்கேயே நட்டார். நான்கு நாள் தலை நிமிர்ந்து நின்ற கொடி, ஐந்தாம் நாள் ஓரம் மஞ்சளித்து, எட்டாம் நாள் கருகிப் படுத்துவிட்டது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த டிங்கிரி மெனிக்கே, "சவர்க்காரத் தூள் தண்ணிய தினமும் குடிச்சா நீங்களும் இப்படித்தான் படுப்பீங்க, தம்பி" என்றாள். துணி துவைக்கிற தண்ணீர் முழுக்க அந்த வழியாகத்தான் ஓடுகிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது தடவை குசினிக்குப் பின்னால் ஜம்பு மரத்து நிழலில் பாத்தி வெட்டினார். பாதி வெயில், பாதி நிழல். கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடம் வேறு. தென்னந்தும்புத் தூளும் மக்கிய சாணமும் கலந்து, கொடியை ஒரு சாண் இடைவெளியில் பதித்து, கணுக்களின் மேல் மெல்ல மண்ணை அமுக்கினார். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலையில் குந்திப் பார்க்கும்போது சிவந்த நூல் மாதிரி ஒரு கொடி பாத்தியில் நீண்டிருந்தது. அதன் கணுவிலிருந்து வெள்ளை வேர் ஒன்று மண்ணைத் தேடி இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு அதை நிறுத்த முடியவில்லை. ஒரு கணு வேர் விட்டதும் அடுத்த கணு புறப்பட்டது. ஒன்றரை மாதத்தில் பாத்தியில் மண் தெரியவில்லை. ஓரமாகப் போட்டிருந்த செங்கல் வரிசையையும் தாண்டி அது நடைபாதைக்கு வந்துவிட்டது.

வளர்த்தாயிற்று, இனி சமைக்க வேண்டும். இருபத்தேழு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் குசினியில் தேநீர் மட்டும்தான் போட்டிருந்தார். முதல் நாள் சம்பலுக்கு இலையை அரிந்ததைப் பார்த்து மல்காந்தி, "இது எனக்கா, ஆட்டுக்கா?" என்று கேட்டாள். இலையை மூன்று தண்ணீரில் அலசி, ஒரு கைப்பிடியாகச் சுருட்டி இறுக்கிப் பிடித்து, முடி மாதிரி மெலிசாக அரிய வேண்டும் என்று அவளே காட்டினாள். தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், இடித்த மாசி மீன். தேசிக்காயைப் பிழிகிற புளி மட்டும் கடைசி நிமிஷத்தில். முன்னாலேயே விட்டால் இலை கறுத்துத் தண்ணீர் விட்டுப் போகும். அவருக்கு இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. விடியற்காலையில் இலையை இடித்துச் சாறு பிழிந்து, சிவப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலோடு சேர்த்துக் காய்ச்சி, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியோடு அவள் கையில் கொடுப்பார். மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் சோற்றுக்குப் பக்கத்தில் சம்பல் பச்சைக் குன்று மாதிரி இருக்கும்.

மாலையில் பெட்டியைத் திறந்து பார்ப்பது அவருடைய வழக்கமாகிவிட்டது. ஓர் இலைத் துணுக்குக்கூட மிஞ்சியிருக்காது.

"சம்பல் எப்படி?"

"நல்லா இருந்துச்சு. நேத்துதான் புளி கொஞ்சம் தூக்கல்."

இன்னொரு நாள், "மாசி இன்னும் ஒரு பிடி போட்டா சோறு கூடுதலா இறங்கும்" என்றாள். மற்றொரு நாள், "வெங்காயத்த இன்னும் பொடியா வெட்டணுமாம்" என்றாள். அந்த 'ஆம்' எங்கிருந்து வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. சொன்னபடி பொடியாக வெட்டினார்.

பாத்தியைப் பற்றி மல்காந்திக்கு இருந்த அக்கறையும் அவருக்குப் பெருமையாக இருந்தது. வேலையிலிருந்து வந்து தேநீர் குடித்து முடித்தவுடன், "இந்தாங்க, பொழுது சாயற நேரத்துலதான் நத்தை வருமாம். போய்ப் பாத்தீங்களா?" என்று நினைவூட்டுவாள். அவர் பழைய டின் ஒன்றையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு போய்ப் பாத்தியோரம் உட்கார்ந்துவிடுவார். நத்தைகளைப் பொறுக்குவார், காய்ந்த இலையைக் கிள்ளுவார், நடைபாதைக்கு வந்த கொடியைத் திருப்பி விடுவார். கொடியிடமும் கிரிக்கெட் நடுவரிடம் பேசியது மாதிரியே பேசுவார். இருட்டி ஏழு மணியாகும்போதுதான் உள்ளே வருவார். "அதுக்குள்ள வந்துட்டீங்களா? வலது பக்கம் முழுக்கப் பாத்தாச்சா?" என்று அவள் சில நாள் கேட்பதுண்டு.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அது நடந்தது. ஜயதிஸ்ஸ டவுனுக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், டிங்கிரி மெனிக்கேயின் பதினாறு கோழிகளும் பாத்திக்குள் நின்றன. கிளறின கிளறலில் பாத்தி உழுத வயல் மாதிரி கிடந்தது. பதினாறாவது கோழி கடைசியாக ஒரு கொடியை வாயில் கவ்விக்கொண்டு அவரையே பார்த்தது.

அவர் வேலியருகே போய் நின்று பேசிய பேச்சு மூன்று வளவுகளுக்குக் கேட்டது. டிப்போவில்கூட அவ்வளவு பேசியதில்லை. டிங்கிரி மெனிக்கே ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாதது அவருக்குப் பயமாக இருந்தது. அரை மணி கழித்து அவள் ஒரு பெரிய அலுமினியப் பேசின் நிறைய மண்ணும் கொடியுமாகத் தலையில் சுமந்துகொண்டு படலையைத் தள்ளி வந்தாள். புடவையில் முழங்கால் வரை சேறு.

"தள்ளுங்க" என்றாள். குந்தி உட்கார்ந்து தன் கையாலேயே நட்டு முடித்தாள். எழும்பும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இது வேர் பிடிக்கிற வரைக்கும் இலைய என் வரப்புல பறிச்சுக்குங்க. மல்காந்தி பாஸ் பண்ணட்டும். என் கோழியால போச்சுன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது. ஆனா தம்பி, என் கோழியப் பாத்து நீங்க சொன்ன அந்த மூணாவது வார்த்தை இருக்கே, அத பன்சலைக்குப் புத்தரக் கும்பிடப் போறப்ப சொல்லிடாதீங்க" என்றாள். ஜயதிஸ்ஸ தலையைச் சொறிந்துகொண்டு அவளுக்குத் தேநீர் போடப் போனார்.

பரீட்சை கண்டியில். ஜயதிஸ்ஸ கூடவே போனார், ஒரு பிளாஸ்க் கஞ்சியோடு. பஸ்ஸை ஓட்டியவன் அவரிடம் தொழில் பழகியவன். குருநாதரின் மனைவிக்குப் பரீட்சை என்று கேள்விப்பட்டதும், வழியில் நிற்க வேண்டிய இரண்டு இடங்களில் நிற்காமல் பறந்தான். இறங்க வேண்டியவர்கள் திட்டினார்கள். ஜயதிஸ்ஸ எழுந்து நின்று எல்லோருக்கும் பொதுவாக மன்னிப்புக் கேட்டார். மல்காந்தி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மண்டப வாசலில் மல்காந்தியோடு வேலை செய்கிற உபசேன நின்றிருந்தான். நாற்பது வயது, தொப்பை, நெற்றியில் திருநீறு மாதிரி பூசிய தைலம். அவனும் அதே பரீட்சை எழுதினான். ஜயதிஸ்ஸவைக் கண்டதும் ஓடி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அண்ணே, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு, கண் கலங்க உள்ளே போனான். பரீட்சைப் பயத்தில் ஆள் தடுமாறுகிறான் என்று ஜயதிஸ்ஸ நினைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பெறுபேறு வந்தது. மல்காந்தி கந்தோரிலிருந்து போனில் சொன்னாள். "பாஸ். எழுபத்தொன்னு." ஜயதிஸ்ஸ போனை வைத்துவிட்டு நேரே குசினிக்குப் பின்னால் போய்ப் பாத்தியின் முன் நின்றார். என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு வாளித் தண்ணீர் எடுத்து ஊற்றினார். அன்று காலைதான் ஊற்றியிருந்தார். டிங்கிரி மெனிக்கேக்குச் செய்தி சொன்னபோது அவள் கோழிக்கூட்டைத் திறந்து நான்கு முட்டைகளை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படலையில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. உபசேனவும் அவன் மனைவி நயனாவும் இறங்கினார்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பெட்டி கேக். மல்காந்தியின் முகம் ஏன் அப்படி வெளுக்கிறது என்று ஜயதிஸ்ஸவுக்குப் புரியவில்லை.

"எழுபத்தொம்பது, அண்ணே" என்று நாற்காலியில் உட்காரும் முன்பே உபசேன சொன்னான். "நான் புத்தகத்தச் சரியாத் தொறந்துகூடப் பாக்கல. உங்க சம்பல்தான். நாலு மாசம் ஒரு நாள் விடாம சாப்பிட்டேன். பிரஷர்கூட இறங்கிருச்சு."

"என் சம்பலா?"

உள்வாசலில் நின்ற மல்காந்தி, உபசேனவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவன் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்காதான் தினமும் பெட்டிய மாத்திக்குவாங்க. நயனா எனக்குக் கட்டிக் குடுக்குறது பொரிச்ச கருவாடு. அவளுக்கு ஊரு புத்தளம் கடலோரம், கருவாடு இல்லாம சோறு கட்டத் தெரியாது. டாக்டரோ எனக்கு இலை திங்கச் சொல்லிட்டாரு. அக்காவுக்கு இலை ஆகாது. அப்ப ரெண்டு பேருக்கும் சௌகரியமாப் போச்சு. புளி, மாசி எல்லாம் நான் சொல்லி அனுப்பின மாதிரியே நீங்க அடுத்த நாளே திருத்திடுவீங்க. அந்த மாதிரி கவனம் எந்தக் கடையிலயும் கிடையாது, அண்ணே."

நயனா அவன் தொடையில் கிள்ளினாள். அவனுக்கு அதுவும் விளங்கவில்லை. போகும்போது, "எங்க வீட்ல நட ஒரு பிடி கொடி குடுப்பீங்களா?" என்று வேறு கேட்டான். "பாப்போம்" என்றார் ஜயதிஸ்ஸ.

விருந்தாளிகள் போன பிறகு அவர் தொலைக்காட்சியைப் போடவில்லை. பாத்திப் பக்கமும் போகவில்லை. குசினிப் படியில் உட்கார்ந்து ஜம்பு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மாதம் விடியற்காலை நாலரைக்கு எழும்பியது, மூன்று தண்ணீரில் அலசியது, விரலை இரண்டு தடவை வெட்டிக்கொண்டது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எழுபத்தொன்பது புள்ளிகள். அதில் எட்டுப் புள்ளி தன் மனைவிக்குச் சேர வேண்டியது என்று பட்டது.

மல்காந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கஞ்சியக் குடிச்சேன். அது பொய் இல்ல."

"கருப்பட்டிக்காகக் குடிச்சிருப்ப."

"கருப்பட்டிக்காகத்தான்" என்று ஒப்புக்கொண்டாள். "சம்பல் எனக்குச் சின்ன வயசுலருந்தே இறங்காது. ஆனா நீங்க விரல்ல துணி சுத்திக்கிட்டு அரியறதப் பாத்தா எப்படிச் சொல்றது?"

"பிடிக்கலன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேனே."

"அதான் சொல்லல. விட்டிருந்தா நீங்க அஞ்சு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் எங்க இருந்திருப்பீங்க?"

ஜயதிஸ்ஸ திரும்பி அவளைப் பார்த்தார்.

"முதல் ரெண்டு தடவையும் நான் படிக்கிற நேரத்துல நீங்க பஸ்ல இருந்து வந்து ரேடியோவப் போடுவீங்க. ரிட்டயர் ஆனப்புறம் கிரிக்கெட். நான் பார்சல் விதியப் படிக்கிறேன், நீங்க 'நோ போல், நோ போல்'னு கத்துறீங்க. எனக்குப் பார்சல்ல நோ போல்தான் ஞாபகம் வருது. இந்தத் தடவ தினமும் ரெண்டு மணி நேரம் வீடு அமைதியா இருந்துச்சு. நீங்க நத்தை பொறுக்கின நேரத்துலதான் விதிக்கோவைய நாலு தடவ முடிச்சேன்."

"அப்ப நத்தை பொழுது சாயறப்பதான் வரும்னு நீ சொன்னது..."

"அது உண்மையாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

கொஞ்ச நேரம் அவர் முகம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. அவளும் சிரித்தாள். இருவரும் படியில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரிக்கிற சத்தத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் டிங்கிரி மெனிக்கே, "இந்த வயசுல என்ன தின்னீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் பௌர்ணமிப் போயா விடுமுறை. ஜயதிஸ்ஸ ஒரு பேசினில் நல்ல கொடியாகப் பார்த்துப் பெயர்த்து, ஈரச்சாக்கு போர்த்தி, மாவனெல்லைக்குப் பஸ் ஏறினார். உபசேனவின் வீட்டுப் பின்புறம் முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வந்து, வாழைக்குப் பின்னால் ஓர் இடத்தைத் தெரிந்தெடுத்தார். உபசேன மண்வெட்டியைப் பிடித்த பிடியைப் பார்த்துத் தாங்க முடியாமல் தானே வாங்கி வெட்டினார். நயனா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்: எத்தனை நாளுக்கொரு தடவை கத்தரிப்பது, எத்தனை கணு விட்டுக் கத்தரிப்பது, எந்த உரம், எவ்வளவு தண்ணீர். உபசேனவின் முகத்தில்தான் அவ்வளவு உற்சாகமில்லை. "ஆனாலும் அண்ணே, உங்க கைப் பக்குவம் வராதே" என்றான்.

"வரும். விரல ரெண்டு தடவ வெட்டிக்க, தானா வரும்."

மதியம் அவரை விடவில்லை. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுப் பொரித்த கருவாடு. ஜயதிஸ்ஸ முதல் வாயை வைத்ததும் நிறுத்தி, நாலு மாதம் தன் மனைவி என்ன சாப்பிட்டாள் என்பதை மெதுவாக மென்று பார்த்தார். இரண்டாம் தடவையும் சோறு வாங்கிக்கொண்டார். மூன்றாம் தடவை நயனா கேட்காமலேயே வைத்தாள்.

திரும்பும்போது வெறும் பேசினில் செய்தித்தாளில் சுற்றிய கருவாட்டுப் பொட்டலம் ஒன்று இருந்தது. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு ஹோல்ட் தாண்டியதும் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். கண்டக்டர் மூக்கைச் சுளித்து, "என்ன ஜயதிஸ்ஸ அண்ணே, மடியில மீன் சந்தைய ஏத்திக்கிட்டு வர்றீங்க?" என்றான். அவர் அசையவில்லை. பேசினை மடியில் இன்னும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்.

மல்காந்தி படலையிலேயே நின்றிருந்தாள். அவர் வாயைத் திறக்கும் முன்பே பொட்டலத்தை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு உடை மாற்ற உள்ளே போனாள். அறைக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. ஜயதிஸ்ஸ அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்து, செத்தல் மிளகாய் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு டின்னாகத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினார்.